கூலியும் கூரையும்

மறையூருக்கு வழி இரண்டு. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாற்றுக் காட்டைக் கடந்து ஏறி வருவது ஒன்று. மூணாற்றிலிருந்து தேயிலை மலைகளின் ஊடே இறங்கி வருவது மற்றொன்று. கேரளத்தின் ஆறுகள் பெரும்பாலும் மேற்கு நோக்கி ஓட, நம் பாம்பாறோ கிழக்கே திரும்பித் தமிழ்நாட்டை நாடிச் செல்கிறது. அஞ்சுநாடு எனப் பெயர் பெற்ற இவ்வூர்களில் தமிழ் நேற்று வந்து குடியேறிய மொழி அன்று. ஆயினும், மேலே உள்ள மலைகளில் தேயிலை பயிராகும் தோட்டங்களுக்கு நம்மவர் சென்ற வரலாறு வேறு. அது வயிறு காய்ந்தவர்கள் மலையேறிய வரலாறு. நம் காலனிகளில் வாழும் குடும்பங்களுள் பல, தம் பாட்டன் பாட்டியின் பெயரை அம்மலைகளின் கூலிப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும்.

அவ்வரலாற்றைச் சட்டத்தின் கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தோட்டத் தொழிலாளியைப் பிணித்த கட்டுகள் இரண்டு. ஒன்று கடன், மற்றொன்று கூரை. கடன் கட்டை அவிழ்க்கச் சட்டத்திற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன. கூரைக் கட்டு இன்னும் முழுதும் அவிழவில்லை. இவ்விரண்டையும் பிரித்து அறியாதவர், தொழிலாளர் சட்டங்கள் இத்தனை இருந்தும் லயத்து வாழ்வு ஏன் இவ்வளவு மெதுவாக மாறியது என்பதை அறிய முடியாது.

மலை திறந்த ஆண்டு

1877ஆம் ஆண்டை நாம் இரண்டு காரணங்களுக்காக நினைவிற் கொள்ள வேண்டும். அவ்வாண்டு சூலைத் திங்களில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்சாறு அரசரிடமிருந்து உரிமையாகப் பெற்றார். 200 சதுர மைலுக்கு மேற்பட்ட அம்மலைநாட்டுக்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய தொகை 3,000 ரூபாய். அதே ஆண்டில் சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். மேலே நிலம் திறந்தது. கீழே வயிறு எரிந்தது. இவ்விரண்டையும் இணைத்த பாலமே தோட்டக் கூலி முறை.

1879இல் வட திருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண் சங்கம் என்னும் அமைப்பு தோன்றியது. காப்பியும் சின்கோனாவும் பயிரிட்டுப் பார்த்தனர். பின்னர்த் தேயிலையே நிலைபெற்றது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவாயிற்று. காடு வெட்டவும், பாதை அமைக்கவும், கொழுந்து கிள்ளவும் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டியிருந்தன. மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர் மாவட்டங்களில் நிலமற்றுக் கிடந்த உழவர்கள், அவர்களுள்ளும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தோர், அக்கைகளை அளித்தனர். ஊரில் பண்ணையாருக்கு அடிமைப்பட்டிருந்தவர்க்கு மலை ஒரு விடுதலையாகவும் தோன்றியிருக்கும் என்பதை நாம் மறத்தல் கூடாது. சாதியின் பெயரால் சேரியில் ஒதுக்கப்பட்டவன், தன் கைக்குக் கூலி என்று ஒன்று உண்டு என்று கேட்டவுடன் புறப்பட்டதில் வியப்பில்லை.

கங்காணியும் முன்பணமும்

அவர்களை அழைத்து வந்தவன் கங்காணி. அவன் பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்தவன், உறவினனாகவும் இருப்பான். தோட்டத்துத் துரையிடமிருந்து முன்பணம் பெற்று ஊருக்கு வருவான். பழைய கடனை அடைக்கவும், திருமணம் முடிக்கவும், வழிச் செலவுக்கும் அப்பணத்தைப் பிரித்துக் கொடுப்பான். வாங்கியவன் குடும்பத்தோடு மலையேறுவான். ஏறியபின் அவனுக்கும் துரைக்கும் நேர்ப் பேச்சு இல்லை. வேலை வாங்குபவனும், கணக்கு வைப்பவனும், கூலியைக் கையில் பெறுபவனும் கங்காணியே. ஆள் ஒன்றுக்கு, வேலைக்கு வந்த நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அவனுக்குத் தலைக்காசும் உண்டு.

தொழிலாளியின் கையில் வாரந்தோறும் விழுந்தது செலவுக்காசு மட்டுமே. தோட்டம் கொடுத்த அரிசிக்கும் கம்பளிக்கும் உரிய விலை கணக்கில் ஏறும். ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்கும்போது முன்பணமும் அரிசியும் கம்பளியும் போக மிஞ்சுவது சிறிது; மிஞ்சாதோர் பலர். மிஞ்சாதவன் அடுத்த ஆண்டும் அதே கங்காணியின் ஆள். எழுத்தறியாதவன் கணக்கை எவ்வாறு சரிபார்ப்பான்? கடன் என்பது பணத்தின் அளவன்று. பேரேட்டைக் கையில் வைத்திருப்பவனின் அதிகாரம் அது.

சட்டம் சிறையாக நின்ற காலம்

அந்நாளில் சட்டம் யார் பக்கம் நின்றது என்பதைப் பார்ப்போம். 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் பெற்ற தொழிலாளி ஒப்பந்தத்தை மீறினால் அதனைக் குற்றமாகக் கொண்டது. நீதிபதி அவனை மீண்டும் வேலைக்குச் செல்லுமாறு பணிக்கலாம். பணத்தைத் திருப்பித் தருமாறு கட்டளையிடலாம். கட்டளையை மீறினால் சிறையில் அடைக்கலாம். கூலி தராத முதலாளிக்கு இச்சட்டத்தில் சிறை இல்லை. சென்னை மாகாணத்தில் இதற்கு மேலும் 1903இல் தோட்ட முதலாளிகளின் தொழிலாளர் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் இதே போக்கிலான விதி இருந்தது. ஆகவே, மலையிலிருந்து ஓடியவன் ஊருக்குத் திரும்பினாலும் அங்கும் அவனைச் சட்டம் எதிர்கொண்டது.

கடல் கடந்து இலங்கைக்குச் சென்ற நம்மவர் நிலையும் இதுவே. அங்குத் துண்டு என்னும் முறை வழங்கியது. ஒரு தோட்டத்தின் தொழிலாளி வேறு தோட்டத்தில் சேர வேண்டுமானால், அவனுடைய கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தி அவனைப் பெற்றுக்கொள்ளும். ஆளை விற்பதற்கும் கடனை மாற்றுவதற்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரு காகிதத் துண்டின் தடிப்பே. 1921இல் அத்துண்டு முறை இலங்கையில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இல் அங்கு இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலி விதிக்கும் சட்டமும் வந்தது. ஆனால் கூலியைக் காத்த நாடு குடியுரிமையைக் காக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஓர் உரிமை கிடைத்ததால் மற்றவை தாமே பின்தொடரும் என்று நம்பியிருத்தல் ஆகாது என்பதற்கு இஃது ஒரு பாடம்.

இந்தியாவில் 1859ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க 1925இல் முடிவு செய்யப்பட்டது. கடனுக்காகச் சிறை என்ற அச்சம் அவ்வாறு சட்டப் புத்தகத்திலிருந்து அகன்றது. கங்காணி முறையோ உடனே போகவில்லை. தொழிற்சங்கங்கள் வேரூன்றி, கூலி நேரடியாகத் தொழிலாளியின் கையில் தரப்பட்ட பின்னரே, 1960களின் தொடக்கத்திற்குள் அது தென்னகத் தோட்டங்களில் படிப்படியாக மறைந்தது.

லயம்

இனிக் கூரையைக் காண்போம். காட்டை வெட்டித் தோட்டம் அமைத்த இடத்தில் ஊர் இல்லை. ஆகவே வீடும் இல்லை. தோட்டமே வரிசை வீடுகளைக் கட்டியது. ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து அறைகள். குடும்பத்திற்கு ஓர் அறை, ஒரு சமையலிடம். இதுவே லயம். பிறப்பும் இறப்பும், பூப்பு நீராட்டும் திருமணப் பேச்சும் அந்த அறைக்குள்ளேயே நடந்தேறின. பனிக்காலத்தில் அடுப்பைச் சுற்றிலும் குடும்பமே படுத்துறங்கும். ஆயினும் அக்கூரை குடும்பத்தினுடையது அன்று, வேலையினுடையது. வேலை போனால் வீடு போயிற்று.

கடன் கட்டையும் கூரைக் கட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடன், தொழிலாளியை ஓடவிடாமல் தடுத்தது. கூரை, அவனை எதிர்த்துப் பேசவிடாமல் தடுத்தது. கடனைக் கண்டு வெறுப்புண்டாகும்; கூரையின்மீதோ அன்பு வளரும். அன்பினால் பிணிக்கும் கட்டு அவிழ்ப்பதற்கு அரிது.

1951ஆம் ஆண்டுச் சட்டம்

இரண்டாம் உலகப் போரின் இறுதியில் உலகெங்கும் ஒரு புதிய எண்ணம் பரவியது. 1944இல் பிலடெல்பியாவில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு, மனித உழைப்பைச் சந்தைச் சரக்காகக் கருதலாகாது என்று அறிவித்தது. இந்தியாவில் டி. வி. ரேகே தலைமையில் நடந்த ஆய்வு, தோட்டத் தொழிலாளரின் நிலையை 1946இல் எடுத்துக்காட்டியது. தொழிற்சாலைகளுக்குச் சட்டம் இருந்தது. சுரங்கங்களுக்குச் சட்டம் இருந்தது. தோட்டங்களுக்கோ வாழ்க்கை நிலை குறித்த அனைத்திந்தியச் சட்டம் ஒன்றும் இல்லை. விடுதலைக்குப் பின் அக்குறையை நீக்கப் பிறந்ததே 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம்.

அச்சட்டம் அளித்தவற்றை எண்ணிப் பார்த்தல் தகும். குடிநீர், கழிப்பிடம், மருத்துவம் ஆகியவற்றை முதலாளி அளிக்க வேண்டும். பெண் தொழிலாளர் 50 பேருக்குமேல் உள்ள தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். 150 தொழிலாளர் உள்ள இடத்தில் சிற்றுண்டிச் சாலை வேண்டும். பிள்ளைகளுக்குக் கல்வி வசதி வேண்டும். பெரியவர்க்கு வாரத்திற்கு 54 மணிக்கு மேல் வேலை கூடாது என்று வரையறுக்கப்பட்டது. பின்னர் 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது 48 மணியாகக் குறைந்தது. இரவு 7 மணிக்குப் பின் பெண்களை அரசின் ஒப்புதலின்றி வேலை வாங்கலாகாது. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் கூலியுடன் விடுப்பு. இவற்றுள் தலையாயது, தொழிலாளிக்கும் அவன் குடும்பத்திற்கும் வீடு கட்டித் தந்து பேணுவது முதலாளியின் கடமை என்னும் விதி.

கடமை என்னும் சொல்லே இங்குப் பெரிய மாற்றம். நேற்றுவரை துரையின் கருணையாக இருந்தது இன்று தொழிலாளியின் உரிமையாயிற்று. கூரை ஒழுகினால் கெஞ்ச வேண்டுவதில்லை, ஆய்வாளரிடம் முறையிடலாம். ஆயினும், சட்டம் வீட்டை வேலையோடு சேர்த்தே தந்தது. வீடு தொழிலாளியின் உரிமையாயிற்றே அன்றி மனிதனின் உடைமையாகவில்லை.

ஏட்டிலிருந்து எஸ்டேட்டுக்கு

சட்டம் இயற்றிய ஆண்டு 1951. அது நடைமுறைக்கு வந்த நாள் 1954 ஏப்ரல் 1. கேரளத்தில் அதற்குரிய விதிகள் வகுக்கப்பட்டது 1959இல். டெல்லியில் மை உலர்ந்து, மலையில் அதன் விதிகள் வந்து சேர எட்டாண்டுகள் கழிந்தன. அந்த எட்டாண்டுகளில் நம் தேவிகுளம் வட்டம் அமைதியாக இருக்கவில்லை. 1954இல் மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டம் இம்மலைகளிலும் எழுந்தது. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. மலைத் தமிழர் இருந்த இடத்திலேயே இருந்து, மொழியால் சிறுபான்மையினர் ஆயினர்.

1958இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் நடந்தது. பாவலர் வரதராசன் லயங்கள் தோறும் தமிழில் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். அவ்வாண்டு அக்டோபரிலேயே தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் நீத்தனர். அப்போது கேரளத்தை ஆண்டது, உழைப்போரின் பெயரால் ஆட்சிக்கு வந்த முதல் பொதுவுடைமை அமைச்சரவை. எந்தக் கட்சி ஆண்டாலும், தன் உரிமைக்குத் தானே காவல் நிற்க வேண்டியவன் தொழிலாளியே என்னும் உண்மையை அந்த ஆண்டு நம் மலைக்குக் கற்பித்தது.

1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கச் சட்டம் செய்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. நிலமற்றோர்க்கு நிலம் வழங்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. தேயிலைக்குரிய நிலம் கம்பெனியிடமே தொடர்ந்தது. லயத்துக் குடும்பங்களுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஒரு செண்டு மண்ணும் கிட்டவில்லை. அதே 1972இல் கேரளம் முழுவதும் இலட்சம் வீடு திட்டம் தொடங்கிற்று. இன்றும் லட்சம் காலனி என்று பல ஊர்களில் வழங்கும் பெயர் அதன் நினைவே. காலனி வீடு சிறியதாக இருக்கலாம். சுவர் மெல்லியதாக இருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்ற மறுநாளும் அதன் வாசலில் கோலமிடலாம். லயத்தில் அது இயலாது.

ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கேள்வி

முப்பது, நாற்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளியவள் ஓய்வு பெறும் நாளில் என்ன நிகழ்கிறது? 1972ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த, கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடை உண்டு. பணி செய்த ஆண்டு ஒன்றுக்குப் பதினைந்து நாள் கூலி என்பது கணக்கு. அத்தொகையை வாங்குபவள் லயத்தை விட்டு விலக வேண்டும். பாட்டன் விட்டு வந்த ஊரில் அவளுக்கு மனையும் இல்லை, மனிதரும் இல்லை. ஆகவே மகனோ மருமகளோ பெயர் கொடுத்து வேலையில் சேர வேண்டும். சேர்ந்தால் வீடு நிற்கும். கல்லூரிக்குச் செல்ல வேண்டிய பிள்ளை கூரைக்காகக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் எத்தனை! அங்குக் கங்காணி இல்லை; முன்பணம் இல்லை; சிறையும் இல்லை. ஆயினும் தலைமுறை ஒன்று தன் விருப்பத்திற்கு மாறாக மலையில் நிற்கிறது. கடன் செய்த வேலையைக் கூரை செய்கிறது.

2015 செப்டம்பரில் மூணாறு கண்ட காட்சியை இவ்விடத்தில் நினைவுகூர்வோம். போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் நகரின் சாலையில் அமர்ந்தனர். பெம்பிளை ஒருமை என்பது அவர்கள் தமக்கு இட்ட பெயர். நாள் கூலி அன்று 232 ரூபாய். அவர்கள் எந்தக் கட்சித் தலைவரையும் மேடையேற்றவில்லை. தொழிற்சங்கத் தலைவர்களையும் விலகி நிற்கச் சொன்னார்கள். ஒன்பது நாட்களில் 20 விழுக்காடு ஒப்புக்கொள்ளப்பட்டது. பின்னர் நாள் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. நூற்றாண்டுக்கு மேலாகக் குனிந்து கிள்ளிய பெண்கள் நிமிர்ந்து பேசியபோது, அவர்களுடைய தமிழைக் கேரளம் முழுவதும் கேட்டது. அவர்கள் கேட்டவற்றுள் கூலி கிடைத்தது. நிலமும் வீடும் கிடைக்கவில்லை.

பெட்டிமுடி

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. 70 பேர் மாண்டனர். அவருள் நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தமையால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியுலகை எட்டியது. மாண்டவருள் பெரும்பாலோர் தமிழர். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையும் மறைந்ததுண்டு. நம் மலைக்கு இஃது அறியாத ஆபத்தன்று. 1924 சூலையின் பெருவெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் இரயில் பாதையை அடியோடு அழித்தது; அப்பாதை மீண்டும் போடப்படவே இல்லை. இரும்புப் பாதைக்குத் தகாத சரிவு எது என்று கணக்கிடத் தெரிந்தது. மனிதர் உறங்கும் கூரைக்குத் தகாத சரிவு எது என்று கணக்கிட வேண்டுமென எவரும் வற்புறுத்தவில்லை.

சட்டத்தில் இதற்கு இடமில்லையா எனின், உண்டு. தோட்டம் அளித்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று 1981ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. ஆனால் அவ்விதியிலேயே ஒரு விலக்கும் இருந்தது: இயற்கைச் சீற்றமே காரணமாயின் அப்பொறுப்பு இல்லை. மழை இயற்கையே. ஆனால் அந்தச் சரிவின் அடியில் வாழும் இடத்தைத் தொழிலாளி தேர்ந்தெடுத்தானா? தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதவனுக்கு இயற்கைச் சீற்றம் என்ற சொல் ஆறுதலாகாது. வீடு வேலையோடு கட்டுண்டிருப்பதன் கடைசிப் பொருள் இதுவே: எங்கு உறங்குவது என்பதையும் வேறொருவர் முடிவு செய்கிறார்.

இனிச் செய்ய வேண்டுவன

2025 நவம்பர் 21 முதல் நடுவண் அரசு நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை நடைமுறைப்படுத்தியுள்ளது. பழைய சட்டங்கள் 29 அவற்றுள் அடங்கின. தோட்டத் தொழிலாளர் சட்டமும் அவற்றுள் ஒன்று. தோட்டத் தொழிலாளர்க்கு வீடு அளித்தல் புதிய தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. ஆனால், ஓய்வுக்குப் பின் எங்கே செல்வது என்ற கேள்விக்குப் பழைய ஏடும் விடை கூறவில்லை. புதிய ஏடும் கூறவில்லை.

நம் மறையூரையும் ஒருகணம் எண்ணுவோம். மறையூர்ச் சர்க்கரை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது, நமக்கெல்லாம் பெருமை. ஆனால் கரும்பு வெட்டுவோரும் ஆலையடியில் கொப்பரை கிண்டுவோரும் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் வரம்புக்குள் வந்தவரல்லர். அச்சட்டம் தேயிலை, காப்பி, இரப்பர், சின்கோனா, ஏலம் ஆகியவற்றையே பெயர் சுட்டிக் கூறியது. மேலே மலையில் குறைபாடுள்ள கூரையேனும் உரிமையாக எழுதப்பட்டது. கீழே நம் வயல்களில் அதுவும் எழுதப்படவில்லை. பிறர் தோட்டத்துக் குறையைப் பேசும் நாம், நம் வரப்பில் உழைப்போரின் கூலியையும் கூரையையும் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

சங்கங்கள் என்ன செய்ய இயலும் என்று கேட்கலாம். சட்டம் இயற்றுவது நம் கையில் இல்லை. சட்டத்தைப் படித்துச் சொல்வது நம் கையில் உண்டு. ஒவ்வொரு குடும்பத்திலும் பணியமர்வுச் சான்று, கூலிச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, பணிக்கொடைக் கணக்கு ஆகியவை ஒரு பெட்டியில் பாதுகாக்கப்பட வேண்டும். மலையாளத்தில் வரும் அரசு அறிவிப்பைத் தமிழில் விளக்கிக் கூறவும், வீட்டுத் திட்டங்களுக்கு விண்ணப்பம் எழுதித் தரவும் நம் இளைஞர் முன்வர வேண்டும். ஓய்வு பெறுவோர்க்கு மனை என்பதை எல்லாக் கட்சியினரிடமும் ஒரே குரலில் கேட்க வேண்டும். அன்று கங்காணியின் பேரேட்டைப் படிக்க நம் பாட்டனுக்கு எழுத்து இல்லை. இன்று அவன் பேரப்பிள்ளைகள் பட்டம் பெற்றுள்ளனர். அவர்கள் முதலில் படிக்க வேண்டிய ஏடு, தம் தாய் தந்தையின் பெயரில் உள்ள கணக்கேடே.

நம் முன்னோர் காட்டைத் திருத்தி உலகின் கோப்பையை நிரப்பினர். அவர்கள் கேட்டது பெரிதன்று: நேர்மையான கூலி, நிலையான கூரை. கூலிக்காகப் போராடிப் பாதி வழி கடந்துவிட்டோம். கூரைக்கான பாதி வழி எஞ்சியிருக்கிறது. அதனைக் கடக்க உறுதி கொள்வோமாக.